ஐந்து நட்சத்திரமும் கரும்பு டிராக்டரும்

அன்புள்ள தம்பி,

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இப்படி அழைக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுச்சேரி–கடலூர் சாலையோரம் இரவில் நடந்து போகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் புதிய கார் வாங்கப் போகிறான். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார், ஆறு ஏர்பேக், முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்பும், முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் என்றெல்லாம் சொல்கிறான். "இனி வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கெல்லாம் கடலூர் வந்துவிடலாம் அப்பா. கொஞ்சம் கண் அசந்தாலும் கார் பார்த்துக்கொள்ளும்" என்கிறான்.

என்னுடையது 2008இல் வாங்கிய கார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. இதுவரை யார் மீதும் உரசியதில்லை. ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் இத்தனை கருவிகள் எதற்கு என்பது என் கட்சி. கருவி கூடக் கூடக் கவனம் குறையும் என்கிறேன். "விமானமே கருவியை நம்பித்தானே பறக்கிறது" என்று அவன் வாயடைக்கிறான். உண்மையில் இந்தத் தொழில்நுட்பம் பயணத்தைப் பாதுகாப்பாக ஆக்குகிறதா?

இன்னொன்று. பேரனுக்கு ஒன்றே கால் வயது. ஊருக்கு வரும்போது மருமகள் அவனை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்து வருகிறாள். ஏர்பேக் இருப்பதால் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறோம். சரிதானே?

அன்புடன்,
மஞ்சக்குப்பம் வாசகர்

*

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பேரனை இனி ஒருமுறைகூட முன்னிருக்கையில் மடியில் வைத்து அழைத்து வர வேண்டாம். ஏர்பேக் இருப்பதாலேயே அது ஒரு குழந்தைக்குக் காரில் மிக ஆபத்தான இடம். மோதிய கணத்தில், ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அந்தப் பை விரிந்துவிடுகிறது. பெல்ட் அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தலையையும் மார்பையும் தாங்குவதற்காகக் கணக்கிட்ட விசை அது. மடியில் இருக்கும் குழந்தையின் தலை அந்த விசைக்கும் தாயின் உடலுக்கும் நடுவில் அகப்படும்.

ஏர்பேக் இல்லாவிட்டாலும் மடி காப்பாற்றாது. நீங்கள் இயற்பியல் ஆசிரியர், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைகளில் இருக்க வேண்டும். எந்தத் தாயாலும் அது முடியாது. பின்னிருக்கையில் குழந்தை இருக்கை பொருத்துங்கள். இந்த வயதுக்கு அது காரின் பின்பக்கம் பார்த்தபடி இருப்பது நல்லது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்கிறது; மீறினால் 1,000 ரூபாய் அபராதம். முதல் சில பயணங்களில் பேரன் அழுவான், அடம்பிடிப்பான். அழட்டும், ஐயா. மருமகள் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இனி உங்களுக்கும் உங்கள் மகனுக்குமான வழக்கு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் அந்தக் காரை வாங்கட்டும், ஆனால் இரவு பத்து மணிக்குக் கிளம்ப வேண்டாம்.

ஒழுங்காக ஓட்டினால் கருவி தேவையில்லை என்ற உங்கள் கட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் ஒழுங்கு உங்கள் கைக்குள் இருக்கிறது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையில், அரை கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வருகிறவரின் ஒழுங்கு உங்கள் கைக்குள் இல்லை. அந்த ஒரு கணத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது பெல்ட்டும் ஏர்பேக்கும், உங்களைச் சுற்றி நொறுங்காமல் நிற்கும் காரின் கூண்டும்தான். உங்கள் காரில் இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறிய கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ஜியம் வாங்கின. அதற்குப் பிறகுதான் இங்கே நிலைமை மாறத் தொடங்கியது. 2019இல் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. 80 கி.மீ. தாண்டினால் எச்சரிக்கும் ஒலியும் அந்த ஆண்டில்தான் வந்தது. மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் இந்தியாவின் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கார் இவை எல்லாவற்றுக்கும் முந்தையது. நீங்கள் உரசாமல் ஓட்டியது உங்கள் பெருமை. அதில் அந்தக் காருக்குப் பங்கில்லை.

கருவிகளிலேயே எனக்கு மிகுந்த மரியாதை உள்ளவை இரண்டு. ஒன்று, 1959இல் வோல்வோ நிறுவனத்தில் நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்த மூன்று முனை பெல்ட். அந்தக் காப்புரிமையை வோல்வோ எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. மற்றது இஎஸ்சி என்கிற நிலைப்புக் கட்டுப்பாடு. விற்பனையாளர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, கூரைக் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய வளைவில் கார் நாம் திருப்பிய பக்கம் போகாமல் வழுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் கேட்ட திசைக்கும் கார் உண்மையில் சுழலும் திசைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் கார் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் இஎஸ்சி பிரேக் கொடுக்கும். எத்தனை தேர்ந்த ஓட்டுநருக்கும் இருப்பது ஒரே பிரேக் மிதி. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க அவரால் முடியாது. வேறு வண்டி எதுவும் இல்லாமல் ஒரே வாகனம் மட்டும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளை இது ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கணித்திருக்கிறது. ஒழுங்கான ஓட்டுநருக்கும் வழுக்கும், ஐயா.

ஆனால் பெல்ட்டை அணிந்தால்தானே பெல்ட். 2022இல் இந்தியச் சாலைகளில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பயணிகள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், மிக உயர்ந்த ரகக் காரின் பின்னிருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை சொன்னது. இருவரும் இறந்தார்கள், முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். இதற்குப் பிறகும், எச்சரிக்கை ஒலி வராமல் இருக்க பெல்ட் கொக்கிக்குள் செருகும் இரும்புத் துண்டு இணையத்தில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. தன் உயிரைக் காக்கும் கருவியை ஏமாற்றக் காசு கொடுத்து இன்னொரு கருவி வாங்கும் மனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, மகனிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது, அவர் சொன்ன "கொஞ்சம் கண் அசந்தாலும் கார் பார்த்துக்கொள்ளும்" என்பதுதான். கார் இன்னும் வாங்கவில்லை. அதற்குள் அது தரப்போகும் பாதுகாப்பை அவர் இரவுப் பயணத்துக்கும் வேகத்துக்கும் செலவழித்துவிட்டார்.

அவர் மட்டும் அல்ல, மனிதர்கள் இப்படித்தான் செய்கிறோம். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் வண்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில டாக்சிகளில் ஏபிஎஸ் இருந்தது, சிலவற்றில் இல்லை. மற்றபடி ஒரே ரகக் கார்கள். ஏபிஎஸ் உள்ளவை குறைவாக மோதும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். விபத்துக் கணக்கில் அப்படி ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பயணிகள்போல ஏறி, ஓட்டுநர் அறியாமல் கவனித்தவர்களின் குறிப்புகள் காரணத்தைக் காட்டின. ஏபிஎஸ் டாக்சி ஓட்டியவர்கள் வளைவுகளில் வெடுக்கெனத் திருப்பினார்கள், தடம் காப்பதில் அலட்சியமாக இருந்தார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையை முழுக்கத் துணிச்சலான ஓட்டமாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது. ஏர்பேக் இருக்கிறது என்பதற்காக யாரும் வளைவில் விரைவதில்லை, ஏனென்றால் ஓட்டும்போது அது இருப்பதே தெரிவதில்லை. ஓட்டும் கைக்கும் காலுக்கும் உணர்வாகத் தெரிகிற கருவிதான் நம்மை மாற்றுகிறது. உங்கள் மகன் விரும்பும் தானே பிரேக் போடுவது, தடம் காப்பது போன்ற அடாஸ் என்கிற ஓட்டுநர் உதவி வசதிகள் முழுவதும் அந்த வகை. திரையில் பச்சைக் கோடு வருகிறது, ஸ்டீயரிங் மெல்லத் தானே திரும்புகிறது, உடம்பு தளர்கிறது. கருவி கூடினால் கவனம் குறையும் என்று நீங்கள் சொன்னது இங்கே உண்மை.

தானாகப் பிடிக்கும் பிரேக் நல்ல கண்டுபிடிப்பு. முன்வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை அது பாதியாகக் குறைப்பதாக மேலே சொன்ன அமெரிக்க நிறுவனமே கண்டிருக்கிறது. பாதசாரிகளை மோதுவதையும் 27 சதவீதம் குறைக்கிறது. ஆனால் 2022இல் வந்த அதே ஆய்வில், தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, பாதசாரிகளை மோதுவதில் அந்தப் பிரேக் இருந்த கார்களுக்கும் இல்லாத கார்களுக்கும் வேறுபாடே இல்லை. பகலில் கண்ணுள்ள கருவி, இருட்டில் இருந்தும் இல்லாததுபோல. உங்கள் மகன் வரப்போவது இருட்டில்.

எந்த இருட்டில் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு இரவெல்லாம் கரும்பு போகிறது. பாகூர் பக்கத்துக் கிளைச்சாலையிலிருந்து, ரெட்டிச்சாவடியிலிருந்து, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து டிராக்டர்கள் வருகின்றன. டிரெய்லரின் அகலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கிய கட்டுகள். பின்னால் ஓராள் நீளத்துக்குத் தொங்கும் தோகை. பின்விளக்கு இருந்தாலும் அந்தத் தோகைக்குள் மறைந்திருக்கும். வேகம் 15, 20 கி.மீ. சில நேரம் டயர் போய் ஓரத்தில் நிற்கும். பின்னால் எச்சரிக்கையாகக் கல்லோ ஒடித்த கிளையோ போட்டிருப்பார்கள். இந்த வடிவத்தைப் பார்த்து இது ஒரு வண்டி என்று காரின் கேமரா முடிவு செய்ய வேண்டும். பல நிறுவனங்களின் கையேடுகளிலேயே, சரக்கு வெளியே நீண்ட வண்டிகள், டிரெய்லர்கள், வழக்கத்துக்கு மாறான வடிவமுள்ள வாகனங்கள், விலங்குகள் ஆகியவற்றை இந்த அமைப்பு அடையாளம் காணாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது. முன்னால் இருப்பதை ரேடியோ அலையால் உணரும் காரின் ரேடாருக்கு வேறு சிக்கல். நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குப் பாலத்தூணும் அறிவிப்புப் பலகையும் நின்றுபோன டிராக்டரும் அசையாத பொருள்கள்தாம். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓட்டவே முடியாது. அதனால் அசையாதவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படியே பல அமைப்புகள் செய்யப்பட்டன.

மறுபடியும் ஒரு கணக்கு. மணிக்கு 90 கி.மீ. என்றால் விநாடிக்கு 25 மீட்டர். கண் கண்டு, மூளை ஏற்று, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. 37 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார், நல்ல டயர் என்றால் முழுப் பிரேக்கில் நிற்க இன்னும் 40 மீட்டர். ஆக, 77 மீட்டர். எதிர்வண்டிக்காக விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது கரும்புத் தோகை போன்ற மங்கிய பொருள் அவ்வளவு தொலைவில் தெரியாது. கருவி மிக நன்றாக வேலை செய்தாலும் அந்த 37 மீட்டரில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். பின்னால் உள்ள 40 மீட்டர் டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வின் பாடு. அதை எந்தக் கணினியாலும் குறைக்க முடியாது, வேகத்தைக் குறைத்தால்தான் குறையும். 90க்குப் பதில் 60இல் வந்தால் அந்த 40 மீட்டர் 18 ஆகிவிடும். விருத்தாசலம் பக்கம் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கணக்கும் நிற்காது.

ஒரு டிராக்டரின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர், கார்களில் வரும் விலையுயர்ந்த ரேடாரைவிட எங்கள் பகுதிச் சாலையில் அதிக உயிரைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும், பழைய காரில் வரும் உங்களுக்கும் தெரியும். அரவை தொடங்கும்போது சில இடங்களில் போலீசார் டிராக்டர்களை நிறுத்தி ஒட்டுகிறார்கள். அதை ஒவ்வோர் ஆலையும் வாசலிலேயே கட்டாயமாகச் செய்ய வேண்டும். ஸ்டிக்கர் மறையும்படி கட்டு தொங்கினால் எடை போடவே கூடாது.

விமானத்தைப் பற்றி மகன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. விமானத்தில் கருவி ஓட்டும்போது பயிற்சி பெற்ற இருவர் முன்னால் விழித்திருக்கிறார்கள். தரையில் ஒருவர் மற்ற விமானங்களைப் போதிய தொலைவு தள்ளியே வைத்திருக்கிறார். தவளக்குப்பம் சந்திப்பில் அப்படி யாரும் யாரையும் தள்ளி வைப்பதில்லை. இன்று இங்கே விற்கும் கார்களில் இருப்பவை உதவி அமைப்புகள்தாம்; கை ஸ்டீயரிங்கிலும் கண் சாலையிலும் இருக்க வேண்டும் என்று அவற்றைச் செய்தவர்களே சொல்கிறார்கள். மணல் மூடி, கோடு அழிந்த இடத்தில் தடம் காக்கும் அமைப்பு எதைப் பார்த்துத் தடம் காக்கும்?

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. பாதுகாப்பு யாருக்கு? அந்த ஐந்து நட்சத்திரம் காருக்குள் இருக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படுவது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள், 64,105, நடந்தது தமிழ்நாட்டில். கோரிமேட்டில் ஜிப்மர் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வெளியே ஓர் இரவு காத்திருந்தவர்களுக்கு இந்தச் சதவீதங்களை விளக்க வேண்டியதில்லை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் ஆம்புலன்ஸ்களில் இருந்து இறக்கப்படுகிறவர்களில் பலரும் காருக்குள் இருந்தவர்கள் அல்லர்.

அமெரிக்காவைப் பாருங்கள். கார்களில் இல்லாத கருவி இல்லை. ஆனால் அங்கே 2010இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 4,302 பேர். 2022இல் 7,500க்கும் மேல். கார் பெரிதாகி, உயரமாகி, உள்ளே அமைதியாகிக் கொண்டே வந்த ஆண்டுகள் இவை. இப்போதைய கார்களின் அந்த அமைதியே எனக்கு அச்சம் தருகிறது. உங்கள் 2008 கார் 90ஐத் தொட்டால் கதவு அதிரும், காற்று இரையும், உங்களுக்கே போதும் என்று தோன்றும். புதிய காரில் 110இல் போனாலும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே இருப்பவர் அதை உணர்வதில்லை. கிருமாம்பாக்கத்தில் சாலையைக் கடக்க நிற்கும் பெண் உணர்கிறாள்.

பெரிய தொடுதிரையும் எனக்கு உடன்பாடில்லை. 2022இல் சுவீடனின் ஒரு கார் இதழ் 110 கி.மீ. வேகத்தில் நான்கு சின்ன வேலைகளைச் செய்ய ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றில் 10 விநாடி. திரை வைத்த புதிய கார் ஒன்றில் 44.6 விநாடி. அதனால் மகனுடன் ஷோரூமுக்குப் போகும்போது, ஏசியையும் கண்ணாடியின் பனியை நீக்கும் வசதியையும் பார்க்காமலே கையால் இயக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். வாங்கப் போகும் அதே ரகத்தில் இஎஸ்சி இருக்கிறதா, பின்னிருக்கை மூன்றுக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தானாகப் பிடிக்கும் பிரேக்கும் இருக்கட்டும். அதை அணைத்து வைக்க வேண்டாம். அது இருப்பதை மறந்து ஓட்டட்டும்.

வார இறுதிப் பயணத்துக்கு என் யோசனை இது. வெள்ளி இரவு சென்னையில் தூங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பட்டும். திண்டிவனம் தாண்டும்போதே நன்றாக விடிந்திருக்கும், டிராக்டர்களும் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதரை மணிக்குள் மஞ்சக்குப்பம் வந்துவிடலாம். நீங்கள் இழப்பது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அந்த நேரத்தில் பேரன் எப்படியும் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். உங்கள் பழைய காரை விற்றுவிடுங்கள், அல்லது ஊருக்குள் காய்கறி வாங்கப் போவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கு வர பஸ் இருக்கிறது. வந்தால் வீட்டுக்கு வாருங்கள், மற்றதை நேரில் பேசுவோம்.

அன்புடன்.